மூன்று பாட்டில், ஒரே பிராந்தி

விசாரணை பத்தரை மணிக்கு என்று கடிதத்தில் போட்டிருந்தது. பத்து மணிக்கே வந்து, டிரெயினிங் ஹால் வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான் உலகநாதன். பத்தொன்பது வருஷத்தில் கம்பெனிக்கு ஒரு நாள் தாமதமாக வந்தவனில்லை. வேலை போகிற நாளில் மட்டும் எதற்குத் தாமதம் என்று நினைத்திருப்பான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கிற கம்பெனி அது. கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடுகிற பத்து டன் கிரேன்தான் உலகநாதனின் வேலை. முப்பத்திரண்டு படி இரும்பு ஏணியில் ஏறி, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே நிற்கிறவர்களின் தலைக்கு மேலாக இரும்பைத் தூக்கி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கொண்டுபோய் இறக்குவான். அப்படிப்பட்டவன் இரண்டு வாரத்துக்கு முந்திய திங்கட்கிழமை, காலை ஆறு நாற்பதுக்கு, கேட்டில் வைத்திருக்கும் மெஷினில் ஊதினான். மெஷின் அறுபத்திரண்டு என்று காட்டியது. கம்பெனி அனுமதிப்பது பூஜ்யம். இது இரண்டாவது தடவை. இரண்டாவது தடவைக்கு வேலைநீக்கம் என்று நோட்டீஸ் போர்டில் மூன்று மொழியில் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டிய நாளிலிருந்து ஒரு மொழியிலும் யாரும் அதைப் படித்ததில்லை.

பக்கத்து நாற்காலியில் பால்ராஜ் மடியில் ஒரு ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். பெயின்ட் ஸ்டோர் இன்சார்ஜ். விசாரணையில் தன் சார்பாகப் பேச ஒரு சகதொழிலாளியை வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. அந்த விதியை எழுதியவர்கள் பால்ராஜைப் பார்த்ததில்லை. கம்பெனியில் யாருக்கு எந்தச் சிக்கல் வந்தாலும் அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். இதுவரை ஒன்பது பேருக்காகப் பேசியிருக்கிறார். அதில் இரண்டு பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள்.

"இன்னா உலகு, ஞாபகம் கீதா? சொல்லு பாக்கலாம்."

"ரம்மு, விஸ்கி, பிராந்தி."

"எந்த ஆர்டர்ல?"

"இப்ப சொன்ன ஆர்டர்லதான்."

"ஆர்டரு முக்கியம் நைனா. ஆர்டர் மாறுச்சுனா தியரியே மாறிப்பூடும். ஒவ்வொண்ணுலயும் எத்தினி?"

"ஒரே ஒரு அறுபது மில்லி."

"அவ்ளோதான். மூணு சரக்கு, மூணு ரவுண்டு. மீதிய நான் பாத்துக்கறேன்."

உலகநாதன் தலையாட்டினான். பால்ராஜ் சொல்லிக்கொடுத்த பாடத்தில் பிராந்தி என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் உண்மையில்லை. இதை மூன்று நாளாக அவரிடம் சொல்லப் பார்க்கிறான். "அண்ணாத்தே, அது வந்து..." என்று ஆரம்பிப்பான். "நீ பேசாத, நீ பேசினா கெட்டுப்பூடும்" என்பார். வாதாடுகிறவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்பது பால்ராஜின் அனுபவம்.

கதையின் வேர் எட்டு மாதத்துக்கு முன்னால் கோவில்பதாகையில் நடந்த ஒரு கிரகப்பிரவேசத்தில் இருக்கிறது. சிநேகிதன் வீடு. மத்தியானம் பீர், சாயங்காலம் ரம், யாரோ புதுச்சேரியிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள் என்பதற்காகக் கடைசியில் கொஞ்சம் ஒயின். மறுநாள் காலையில் மண்டைக்குள் யாரோ வார்ப்பு உடைத்தார்கள். மெஷின் முப்பத்தெட்டு காட்டியது. முதல் தடவை என்பதால் எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று.

அன்றைக்குத்தான் பால்ராஜ் அவனை பெயின்ட் ஸ்டோருக்குள் கூட்டிக்கொண்டு போய் ஞானம் கொடுத்தார். ஒரு காலி டப்பாவில் எனாமல் பெயின்ட்டைக் கொஞ்சம் ஊற்றினார். அதன் தலையில் என்.சி. தின்னரை ஊற்றி, குச்சியால் கிண்டினார். பெயின்ட் கெட்டுப்போன பால் மாதிரி திரிதிரியாகத் திரண்டது.

"பாத்துகினியா? எனாமலும் நல்ல சரக்கு. தின்னரும் நல்ல சரக்கு. தனித்தனியா ஒண்ணும் பண்ணாது. கலந்தியோ, இதான் உன் வயிறு. நீ குடிச்சது தப்பில்ல நைனா. கலந்ததுதான் தப்பு. ஒரே சரக்கா எடு, ராவெல்லாம் எடு, காலைல பூ மாதிரி எந்திரிப்ப."

உலகநாதன் டப்பாவை வாங்கி உற்றுப் பார்த்தான். இருபத்தாறு வருஷம் பெயின்ட் கலந்த மனிதர், கண்ணெதிரே நிரூபித்துவிட்டார். மனித வயிறு தகர டப்பா இல்லை என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்?

பிறகு போன மாதம் திருநின்றவூரில் மாமனார் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. காரியம் முடிந்து கறி சமைக்கிற அன்றைக்கு, வீட்டு ஆண்கள் ஆளுக்கொரு பாட்டிலை நடுவில் வைக்க வேண்டும். மூத்த மாப்பிள்ளை ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் வாங்கிக் குடிக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டாலும், அந்த வீட்டின் மேல் மனசில் ஏதோ வைத்துக்கொண்டு போகிறார் என்று அர்த்தம். அடுத்த பத்து வருஷத்துக்கு எந்த விசேஷத்திலும் அந்த பாட்டிலைப் பற்றித்தான் பேச்சாக இருக்கும். மூத்த மாப்பிள்ளை உலகநாதன். பாட்டில் வைக்கிறவர்கள் மூன்று பேர்: இரண்டு சகலைகள், ஒரு மச்சான்.

மூன்று பேர் என்றால் மூன்று சரக்கு. மூன்று சரக்கு என்றால் டப்பாவில் திரண்ட பெயின்ட். திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட் வேறு. உலகநாதன் யோசித்தான். வழக்கத்தை மீறவும் கூடாது, கலக்கவும் கூடாது. மூன்று பேருக்கும் போன் போட்டான்.

"மூணு பேரும் ஒரே பிராந்தியா வாங்கிகினு வாங்க. குதிரைப் படம் போட்டது. வேற எதும் வாணாம்."

"இன்னா மாமா, கம்பெனில யூனிஃபார்ம் குடுக்கற மாதிரி கேக்கற?" என்றான் மச்சான்.

"சொன்னத செய்யேன்டா."

சொல்வது சுலபம். நம்மூர்க் கடையில் நாம் கேட்பதைக் கொடுக்கிற பழக்கம் கிடையாது, இருப்பதைக் கொடுப்பார்கள். குதிரை கேட்டால் மயிலை நீட்டுவார்கள், மயில் கேட்டால் கதவைச் சாத்துவார்கள். சின்ன சகலை பூந்தமல்லியில் இரண்டு கடை, ஆவடியில் ஒன்று, பட்டாபிராமில் ஒன்று என்று அலைந்து குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தான். சாவு வீட்டுக்கு இவ்வளவு சிரத்தையாக அவன் வேறு எதையும் செய்ததில்லை என்று அவன் பெண்டாட்டியே சொன்னாள்.

நாலு மணிக்கு உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஒன்று வாங்கிக்கொண்டான். மரியாதை முடிந்தது. அத்தோடு எழுந்திருக்க வேண்டியவன்தான். ஆனால் பாய்மேல் மூன்று குதிரை வரிசையாக நின்றன. கலக்கவே இல்லை என்கிற நிம்மதி உடம்பெல்லாம் பரவியது. "ஒரே சரக்குதான மாமா, இன்னா ஆவப்போவுது" என்றான் மச்சான். அதற்கு எதிராக உலகநாதனிடம் ஒரு வாதமும் இல்லை. பால்ராஜ் கொடுத்த ஞானத்தில் கலக்காதே என்று இருந்தது, போதும் என்று எங்கேயும் இல்லை. கடைசி ரயிலுக்கு முந்திய ரயிலில் பெண்டாட்டி புஷ்பா அவனை ஏற்றிக்கொண்டு வந்து மேனாம்பேட்டு வீட்டில் போட்டாள்.

அதைவிட மோசம் மறுநாள் காலை. ஐந்தரைக்கு அலாரம் அடிப்பதற்கு முன்னாலேயே விழிப்பு வந்துவிட்டது. தலை கண்ணாடி மாதிரி இருந்தது. வலி இல்லை, குமட்டல் இல்லை. ஒரு பாட்டுகூட முணுமுணுத்தான்.

"இன்னிக்கி லீவு போடேன்யா" என்றாள் புஷ்பா. "கண்ணு சிவந்து கீது."

"எதுக்கு லீவு? தலவலியா கீது எனக்கு? பாரு, எப்பிடி கீறேன்னு."

பால்ராஜின் விஞ்ஞானத்தை மனசுக்குள் மெச்சிக்கொண்டே சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் மெஷினில் ஊதினான். அறுபத்திரண்டு. வீட்டுக்கு அனுப்பினார்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத்தான் தலைவலி வந்தது. தாமதமாக வந்தாலும் மூட்டை முடிச்சோடு வந்தது. சாயங்காலம் வரைக்கும் இருந்தது.

"உள்ள கூப்புட்றாங்க" என்று எழுந்தார் பால்ராஜ்.

டிரெயினிங் ஹாலில் நீள மேஜை, ஓடாத ஏ.சி., ஒரு தட்டில் பிஸ்கட். சுவரில் 'பாதுகாப்பே முதல் உற்பத்தி' என்று ஒரு போஸ்டர், அதன் ஒரு மூலை பிய்ந்து தொங்கியது. தலைமை நாற்காலியில் வக்கீல் தமிழரசு. விசாரணை அதிகாரி என்று கம்பெனி வெளியிலிருந்து வரவழைத்த ஆள். லேப்டாப்பில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தார். வலது பக்கம் எச்.ஆர். மேனேஜர் அரவிந்தன், முப்பத்தைந்து வயசு, கழுத்தில் அடையாள அட்டை. அவருக்கு அப்பால் சிஸ்டர் சுதா. முதலுதவி அறையையும் கேட்டில் இருக்கும் மெஷினையும் பார்த்துக்கொள்பவள். விரல் நசுங்கியவனையும் வயிற்றுவலி என்று பொய் சொல்கிறவனையும் பதினேழு வருஷமாக ஒரே முகத்தோடு பார்த்துக்கொண்டிருப்பவள்.

"இந்த விசாரணை," என்று தமிழரசு தொண்டையைச் செருமினார், "இயற்கை நீதிக் கோட்பாடுகளின் அடிப்படையில், எவ்விதப் பாரபட்சமும் இன்றி, திறந்த மனத்தோடு நடைபெறும்." பிறகு பிஸ்கட் ஒன்றை எடுத்துக்கொண்டு, "பன்னெண்டரைக்கு எனக்கு ஆவடில இன்னொண்ணு இருக்கு" என்றார்.

அரவிந்தன் குற்றச்சாட்டைப் படித்தார். சிஸ்டர் சுதா, மெஷின் சரியாக வேலை செய்கிறது, அன்றைக்குக் காலையில் நூற்றுப் பதினான்கு பேர் ஊதினார்கள், நூற்றுப் பதிமூன்று பேருக்குப் பூஜ்யம் என்றாள்.

பால்ராஜ் எழுந்தார். உட்கார்ந்தே பேசலாம் என்று யாரும் அவரிடம் சொல்லிப் பயனில்லை.

"ஐயா, என் கட்சிக்காரர் முந்தின நாளு அவங்க ஊட்டு துக்க காரியத்துல, வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு, மூணு பேர் குடுத்த மூணு வகை சரக்குல வகைக்கு ஒரு அறுபது மட்டும் எடுத்திருக்காரு. எழுதிக் குடுத்த விளக்கத்துல அது கீது. ஆசைப்பட்டுக் குடிக்கல, மரியாதைக்குக் குடிச்சாரு. சிஸ்டரு, உங்களத்தான் கேக்கறேன். மூணு வகை கலந்து சாப்பிட்டா மெஷினு ஜாஸ்தியா காட்டுமா, காட்டாதா? ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு."

"மெஷினுக்கு லேபிள் படிக்கத் தெரியாதுங்க" என்றாள் சுதா.

"அதில்ல சிஸ்டர்," என்று அரவிந்தன் குறுக்கே வந்தார். "மிக்ஸிங்ல ஒரு விஷயம் இருக்கு. பீர் எடுத்துட்டு ஹாட் எடுத்தா ஒண்ணும் ஆகாது. ஹாட் எடுத்துட்டு பீர் எடுத்தோம்னு வைங்க, மறுநாள் காலி. எங்க காலேஜ் ஹாஸ்டல்ல எல்லாருக்கும் தெரியும்."

"தப்பு மிஸ்டர் அரவிந்தன்." தமிழரசு லேப்டாப்பிலிருந்து தலையை எடுத்தார். "வரிசையில என்ன இருக்கு? நிறம்தான் விஷயம். நான் இருபது வருஷமா வெள்ளைதான். வோட்கா, இல்லன்னா ஜின். அடுத்த நாள் கோர்ட்ல நான் ஆர்க்யூ பண்றதைப் பார்த்திருக்கீங்களா?" பிறகு சட்டென்று சுதாரித்துக்கொண்டு, "இது பதிவுல வேண்டாம்" என்று தன்னிடமே சொல்லிக்கொண்டார். பதிவு செய்துகொண்டிருந்தவரும் அவரே.

"கலர் இல்லீங்கய்யா, கெமிஸ்ட்ரி," என்றார் பால்ராஜ். "எனாமல் பெயின்ட்ல என்.சி. தின்னர ஊத்தி ஒரு தபா பாருங்க..."

சிஸ்டர் சுதா கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றரைக்கு டெட்டனஸ் ஊசிக்காக மூன்று பேர் காத்திருந்தார்கள்.

"சார், நான் சொல்லிட்டுப் போயிடறேன். கறுப்பா இருக்கற சரக்குல தலைவலி கொஞ்சம் கூட இருக்கும்னு சொல்றாங்க, இருக்கலாம். எது முதல்ல, எது அப்புறம்கிறதெல்லாம் வயித்துக்குத் தெரியாது. கலந்து குடிக்கிறவங்களுக்கு ஏன் மறுநாள் முடியலன்னா, அவங்க நிறைய குடிச்சிருக்காங்க. மூணு வகை இருக்கற எடத்துல உக்காந்தவன் சீக்கிரம் எழுந்திருக்க மாட்டான். அவ்ளோதான் விஷயம். அளவுதான் கணக்கு."

"எப்படிச் சொல்றீங்க?" என்றார் தமிழரசு.

அவள் பேனாவை எடுத்து, தன் முன்னால் இருந்த வருகைப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினாள். "அறுபது மில்லி ஹாட், ஒடம்பை விட்டுப் போக சுமாரா மூணு மணி நேரம். ஆள் எடையப் பொறுத்து முன்னப்பின்ன இருக்கும். இவர் எழுதிக் குடுத்ததுல நாலு மணிக்கு ஆரம்பிச்சதா இருக்கு. மூணு அறுபதுன்னா ராத்திரி ஒரு மணிக்கெல்லாம் ஒண்ணுமில்லாம போயிருக்கணும். ஆனா காலைல ஆறு நாப்பதுக்கும் அறுபத்திரண்டு நிக்குது. அப்படின்னா..." கோடு போட்டுக் கூட்டினாள். "ஆறு அறுபதுக்குக் குறையாது. கொஞ்சம் மேலயே இருக்கும்."

உலகநாதன் நிமிர்ந்து பார்த்தான். திருநின்றவூர் வீட்டுப் பாயில் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியவள் மாதிரி சொல்கிறாளே. அவன் கணக்கில் ஏழு. ஏழாவது அரைகுறை.

ஆனால் பால்ராஜின் முகம் மலர்ந்தது. தோற்றுப்போகிற மனிதருக்கு இப்படி ஒரு மலர்ச்சி வருமா என்று உலகநாதனுக்குப் பயமாக இருந்தது.

"பாத்தீங்களா ஐயா. சிஸ்டரே ஒத்துகினாங்க. மூணு அறுபதுன்னா ராத்திரி ஒரு மணிக்கே போயிருக்கணும். போவல. ஏன் போவல? கலந்ததால போவல. உள்ள திரிஞ்சி நின்னுகிச்சு. மூணு குடிச்சவன் ஆறு குடிச்ச மாதிரி காட்டறான். இதுக்கு இவன் பொறுப்பா, வழக்கம் பொறுப்பா?"

சிஸ்டர் சுதா பேனாவை மூடி வைத்தாள். பதினேழு வருஷத்தில் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தாள்.

காற்று தன் பக்கம் திரும்புகிறது என்று உலகநாதனுக்கே புரிந்தது. அரவிந்தன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கிரேனுக்குக் கை பழகிய இன்னொரு ஆள் கிடைப்பது லேசில்லை. இருக்கிற ஆளை வைத்துக்கொள்ள ஒரு காரணம் கிடைத்தால் அவருக்கும் வேலை மிச்சம். போதாததற்கு மிக்ஸிங் விஷயத்தில் அவரும் நம்பிக்கையாளர்.

"கஸ்டமரி கம்பல்ஷன்னு ஒரு ஆங்கிள் இருக்கு சார்" என்றார் அரவிந்தன் மெதுவாக. "இன்னொரு வார்னிங் குடுத்து முடிச்சிடலாம்னா மேனேஜ்மெண்ட் ஆட்சேபிக்காது."

தமிழரசு தலையசைத்தார். "சந்தேகத்தின் பலன் என்று ஒன்று இருக்கத்தானே செய்கிறது." பிறகு உலகநாதன் பக்கம் திரும்பினார். "நீங்க வாயால சொல்லிடுங்க, நான் பதிவு பண்ணிடறேன். என்னென்ன சாப்பிட்டீங்க? எவ்வளவு?"

மூன்று சொல். ரம், விஸ்கி, பிராந்தி. சொன்னால் நாளைக் காலையில் கூண்டில் ஏறி உட்காரலாம்.

டிரெயினிங் ஹாலின் பக்கவாட்டு ஜன்னல் உள்ளே ஷெட்டைப் பார்த்திருந்தது. இரண்டு வாரமாக அவன் கிரேனை ஷிஃப்ட் மாற்றி வேறு யாரோ ஓட்டுகிறார்கள். கீழே செல்வகுமார் நின்றுகொண்டிருந்தான். வார்ப்புப் பெட்டிக்குச் சங்கிலி மாட்டி, தள்ளி நின்று, கையைத் தூக்கி 'ஏத்து' என்று காட்டுகிறவன். பதினோரு வருஷமாக உலகநாதனுக்குக் கீழே நிற்பவன். கையைக் காட்டிவிட்டு, தலைக்கு மேலே போகிற நாலு டன்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தான்.

உண்மை பேச வேண்டும் என்று உலகநாதனுக்கு உயர்ந்த எண்ணம் எதுவும் வரவில்லை. வந்தது அசதி. இந்த மூன்று சொல்லையும் சொல்லிவிட்டால், அது பதிவாகும். பால்ராஜின் டப்பா சட்டமாகும். இனி வருகிற ஒவ்வொரு காரியத்துக்கும், ஒவ்வொரு காதுகுத்துக்கும், ஒரே பிராந்தியாக வாங்கிவரச் சொல்லிவிட்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே கேட்டுக்கு வருவான். என்றாவது ஒரு நாள் மெஷினில் பேட்டரி இருக்காது.

"ஒரே பிராந்திதான் சார்" என்றான்.

"என்னது?"

"மூணு பாட்டிலும் ஒரே பிராந்தி. குதிரைப் படம் போட்டது. ஒரு சொட்டு எதும் கலக்கல. மூணு ரவுண்டும் இல்ல, ஏழு. ஏழாவது பாதி கீழ ஊத்திகிச்சு."

பால்ராஜ் நின்ற இடத்திலேயே கொஞ்சம் குள்ளமானார். "உலகு, இன்னாடா பேசற? துக்கத்துல ஆளுக்கொண்ணா வாங்கிகினு வருவாங்கன்னு நீதான சொன்ன? எவன்டா மூணையும் ஒரே சரக்கா வாங்கச் சொன்னது?"

"நான்தான் சொன்னேன். என்னாண்ட சொன்னது நீதான் அண்ணாத்தே. டப்பாவுல பெயின்ட்ட திரிச்சிக் காட்டல?"

சிஸ்டர் சுதா முதல்முறையாகப் பால்ராஜை முழுசாகப் பார்த்தாள். அரவிந்தன் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், அதில் வேறு யாருடைய போட்டோவோ இருக்கிற மாதிரி.

பால்ராஜ் உட்கார்ந்தார். ஃபைலைத் திறந்தார், மூடினார். ஒரு நிமிஷம் அவருக்காக உலகநாதனுக்கு வருத்தமாகக்கூட இருந்தது. அந்த ஒரு நிமிஷம் முடிவதற்குள் அவர் அவன் காதருகே குனிந்தார்.

"பேட்ச் நம்பர் பாத்தியா?"

"இன்னா?"

"ஒரே பிராண்டுன்னா போதுமா நைனா? ஒரே கம்பெனி ஒயிட்டு பெயின்ட்டு, வேற வேற பேட்ச்னா சுவத்துல திட்டுத் திட்டாத் தெரியும். மூணு பேரு மூணு கடைல வாங்கிகீறாங்க. மூணு பேட்ச்."

சில பேருக்கு உலகம் எத்தனை தடவை இடிந்து விழுந்தாலும், இடிபாட்டிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்து அடுத்த தியரிக்கு அஸ்திவாரம் போட்டுவிடுவார்கள்.

"வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று தமிழரசு பழையபடி மேடைத் தமிழுக்குத் திரும்பினார். மணி பதினொன்று நாற்பது.

"ஒண்ணு சார். போன தபா எனக்குத் தலவலி இருந்திச்சு, நடக்கவே முடியல, மேல ஏறுவமான்னு நானே யோசிச்சேன். இந்த தபா ஒண்ணுமே இல்ல. நல்லா இருந்தேன். ஊட்ல லீவு போடச் சொன்னாங்க, நான்தான் கேக்கல. மெஷினு காட்டலன்னா ஏறி உக்காந்து லோடு தூக்கியிருப்பேன்." ஜன்னல் பக்கம் பார்த்தான். "எனக்கே தெரியலன்னா, அது எப்பிடி சார்?"

இந்தக் கேள்விக்கு அங்கே ஒருவரிடமும் தியரி இல்லை. தமிழரசு இரண்டு விரலால் ஏதோ தட்டினார். பிறகு பிரிண்ட் எடுத்துக் கொடுத்த தாளில் பார்த்தபோது, 'குற்றம் சாட்டப்பட்டவர் தாமாகவே ஒப்புக்கொண்டார்' என்று ஒரே வரிதான் இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டான். சிஸ்டர் சுதா எழுந்து போகும்போது, அவள் கணக்குப் போட்டிருந்த படிவத்தை அவன் பக்கம் நகர்த்திவிட்டுப் போனாள். அவன் அதை மடித்து ஜோபியில் வைத்துக்கொண்டான்.

பன்னிரண்டாம் நாள் உத்தரவு வந்தது. ஒப்புக்கொண்டதாலும், பத்தொன்பது வருஷத்தாலும், வேலைநீக்கம் இல்லை. கிரேனிலிருந்து இறக்கித் தரை வேலைக்கு மாற்றம். இரண்டு வருஷ இன்கிரிமென்ட் ரத்து. தன்னுடைய வாதத்தால்தான் வேலை தப்பியது என்று பால்ராஜ் கேன்டீனில் சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. வேலையில் இருக்கிற அவருடைய ஆட்கள் மூன்றாகிவிட்டார்கள்.

"தரை வேலைன்னா?" என்று கேட்டாள் புஷ்பா.

"சங்கிலி மாட்றது."

"மேல ஏற வாணாமா?"

"வாணாம்."

"செரி. முட்டி வலின்னு சொல்லிகினு இருந்த இல்ல" என்று சொல்லிவிட்டு, அரிசி களையப் போனாள்.

மறுநாள் காலை ஊதினான். பூஜ்யம். கூண்டில் கிடந்த தன் சாமான்களை எடுத்துவரக் கடைசியாக ஒரு தடவை ஏணியில் ஏறினான்: ஒரு மடித்த சாக்கு, தண்ணீர் பாட்டில், முகம் துடைக்கிற துண்டு. பத்தொன்பது வருஷத்துக்கு அவ்வளவுதான் சேர்ந்திருந்தது. இறங்கும்போது முட்டி வலித்தது. அடியில் செல்வகுமார் காத்திருந்தான். கிரேன் லைசன்ஸ் அவனிடமும் இருந்தது. இனி அவன்தான் மேலே.

"அண்ணே, தப்பா எடுத்துக்காத. ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"அன்னிக்கி நீ மேல ஏறியிருந்தன்னா, கீழருந்து எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

உலகநாதன் துண்டால் கையைத் துடைத்தான். "எனக்கே தெரியலடா. உனக்கு எங்கேர்ந்து தெரியும்."

செல்வகுமார் சாக்கை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "இது இருக்கட்டும் அண்ணே. சீட்டு குத்துது." ஏணியில் ஏறினான்.

முதல் பெட்டி. உலகநாதன் சங்கிலியை நாலு மூலையிலும் மாட்டி, இழுத்துப் பார்த்தான். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தான். தள்ளி வந்து நின்று அண்ணாந்தான். கழுத்து வலித்தது. மேலே கூண்டுக் கண்ணாடியில் கூரை ஓட்டையிலிருந்து வெயில் அடித்துப் பளபளத்தது. உள்ளே இருந்தவனின் முகம் தெரியவில்லை. ஒரு கை மட்டும் நெம்புகோலின் மேல் இருந்தது.

ஹாரன் ஒரு தடவை ஒலித்தது.

உலகநாதன் கையைத் தூக்கி, ஏத்து என்று காட்டினான்.